குங்குமப் பொட்டு வைத்த டப்பா

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் "புதுசு வாங்குங்க" என்றால் கமிஷனுக்கு அலைகிறான் என்பார்கள். "இதையே ஓட்டலாம்" என்றால் தொழில் தெரியாதவன் என்பார்கள். மதர்போர்டோடு மல்லுக்கட்டி நொந்துபோன என் இனத்தாரே, உங்களிடம்தான் கொட்டித் தீர்க்கிறேன். பெண்டியம் பிராசஸர் வந்து பழைய 486-ஐ ஓரங்கட்டிய நேரம். சைதாப்பேட்டையில் ஒற்றை அறையில் கடை வைத்திருந்தேன். மயிலாப்பூர் நாராயணன் சார் ஒரு பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டன்ட். வீட்டிலிருந்த பழைய 486 கம்ப்யூட்டரைச் சரிபண்ணிக் கொடுத்தால், பள்ளிக்கூட லேபுக்குப் பத்து கம்ப்யூட்டர் என்னிடமே வாங்குவதாகச் சொன்னார். பத்து! அது வந்தால் தி.நகரில் ஒழுங்கான கடைக்குப் போய்விடலாம். அந்த ஆசையில்தான் மாட்டினேன்.

ராம் மட்டும் போதும்

பிரச்சினை இதுதான். இன்ஜினியரிங் படிக்கிற அவர் பையன் ரகு அதில் புதிய கார் ரேஸ் கேம் ஒன்றைப் போட்டிருந்தான். அந்தக் கார், தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் மாட்டிக்கொண்டதுபோல நகர்ந்தது. இதில் காசு போடாதீங்க சார், புதுசு வாங்கிடுங்க என்று உள்ளதைச் சொன்னேன். என்னைப் பிக்பாக்கெட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மவுண்ட் ரோட்டில் அதை விற்ற கடைக்காரர் அவ்வளவு நல்ல மனுஷராம், பொருள் தங்கமாம். மெமரியைக் கூட்டுகிற ராம் மட்டும் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். கார் ஒரு சுற்று ஓடிவிட்டு நின்றது. மறுநாள் காலையிலேயே சாரிடமிருந்து போன்:

"நீ கை வைக்கறவரைக்கும் நன்னாத்தான் ஓடிண்டிருந்தது."

ராகு காலம்

அடுத்து, படம் வேகமாக நகர டிஸ்ப்ளே கார்டு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குப் போய்த் தொலைத்தேன். ராகு காலத்தில் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடாது என்று சாரின் வீட்டு மாமி உட்காரவைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம்! அன்றைக்கு அடையாறில் இரண்டு வீடு பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, கார்டைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். வயசான பவர் சப்ளை குப்பென்று புகைவிட்டு அடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்:

"ஆறு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கச்சேயே நீ ஸ்க்ரூவைக் கழட்டிட்டே, நான் பார்த்துண்டுதான் இருந்தேன்."

டப்பாவைத் தொடாதே

போதும்டா சாமி, புதுசு வாங்குங்க என்று மறுபடி கெஞ்சினேன். அப்போதுதான் சார் விஷயத்தைச் சொன்னார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த டப்பா அது. அது வந்த பிறகுதான் ரகுவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்ததாம். டப்பா வீட்டை விட்டுப் போகக்கூடாது, உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள் என்றார்.

மாற்றினேன். மதர்போர்டு, பிராசஸர், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, கடைசியில் மானிட்டர், கீபோர்டு வரைக்கும். முழுப் பெண்டியம், பழைய தகரத்துக்குள். சி.டி. டிரைவ் நுழையாமல் தகரத்தை அரம் போட்டு ராவியதில் இரண்டு விரல் கிழிந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கார் பறந்தது. வாசல்வரை வந்த ரகு என் காதோரம் சொன்னான்:

"அண்ணா, இது மொத்தமும் புதுசுன்னு அப்பாகிட்ட சொல்லிடாதேள், அரியர்ஸ் முடிக்காம புதுசு கிடையாதுன்னு சொல்லியிருக்கார்."

பாவமே என்று பில்லில் 'ரிப்பேர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

பத்து கம்ப்யூட்டர்

பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஆர்டர் வாங்கப் போனேன். வாசலில் ஒரு வேன். பத்து புதுப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. வேனில் அந்த மவுண்ட் ரோடு கடையின் பெயர். எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே அவர் அறைக்குப் போய், இன்னா சார் நியாயம் இது, நாயா உழைச்சேனே என்று கேட்டேவிட்டேன். அவர் துளிக்கூடக் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, பொறுமையாக விளக்கினார்:

"கோவிச்சுக்காதேப்பா, அஞ்சு வருஷமாச்சு, அந்தக் கடைக்காரர் கொடுத்த கம்ப்யூட்டர் இன்னிக்கும் புதுசாட்டம் ஓடறது; அப்பேர்ப்பட்டவரை விட்டுட்டு வேற யார்கிட்ட வாங்கறது?"

அந்தக் கம்ப்யூட்டரில் அந்த நல்ல மனுஷர் விற்ற சாமான் இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது என் விரலைக் கிழித்த தகரம்.