வரிசையில் நின்ற குடங்கள்

மளிகைக்கடைத் தொழிலில் விற்பது சுலபம். சும்மா கொடுப்பதுதான் உயிரை வாங்கும். கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் இதைப் படித்தால் ஒத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொரோனா ஊரடங்கில் மும்பை தாராவியில் எங்கள் சந்தில் ஒருவருக்கும் வேலை இல்லை. அதனால் அரிசியும் இல்லை. முலுண்டில் ஒரு ஃபிளாட் சொசைட்டியில் நம்ம தமிழ் ஆட்கள் சேர்ந்து அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பினார்கள். பை கட்டி வீட்டுக்கு ஒன்று கொடுப்பது என் பாடு. வீடு வீடாகப் போயிருக்கலாமே என்பீர்கள். எதிரே ஆள் வந்தால் தோள் உரசும் சந்து அது. ஒரு வீட்டு மூச்சை அடுத்த வீட்டுக்கு நானே சுமந்து போயிருப்பேன்.

சாக்பீஸ் வட்டம்

சந்து முனையில், கடை முன்னால் சாக்பீஸால் வட்டம் போட்டேன். வட்டத்துக்கு ஒரு ஆள். ஷட்டர் சத்தம் கேட்டதும் வட்டமெல்லாம் காலுக்கடியில் போய்விட்டது. பின்னால் நின்றால் பை தீர்ந்துவிடும் என்ற பயம். நான் கத்தினேன். கத்தினால் மாஸ்க் இறங்குகிறது. மாஸ்க்கை ஏற்றினால் கத்தியது கேட்கவில்லை.

போலீஸ் ஹவல்தார் வந்து ஷட்டரில் தடியால் ஒரு தட்டு தட்டினார். கூட்டம் கலைந்தது. பாதி வீட்டுக்குப் பை போகவில்லை. அவர் இந்தியில் சொன்னது தமிழில் இதுதான்: "சேட், இன்னொரு தடவை இங்கே கூட்டம் பார்த்தேன், கடைக்கும் பூட்டு, உன் தர்மத்துக்கும் பூட்டு."

குழாயடி வழக்கம்

மறுநாள் ஷட்டரைத் தூக்கினால் ஆளைக் காணோம். வட்டத்துக்கு ஒரு குடம் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டால் ஆள் நின்ற கணக்கு. யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால் சண்டை நாறிவிடும்.

எனக்கு எரிச்சல். குழாய் அந்தப் பக்கம் இருக்கிறது, இங்கே எதற்குக் குடம் என்று ஏசினேன். இட்லி விற்கிற இசக்கியம்மா சந்துக்குள் இருந்தபடியே சொன்னாள்: "சும்மா சத்தம் போடாதிய அண்ணாச்சி. எடம் போயிரும்னுதான நேத்து முண்டுனோம்? இன்னைக்கு எடத்தைக் குடம் பாத்துக்கிடும். அது இருமவும் செய்யாது."

பேச்சிமுத்து

ஒவ்வொரு குடத்துக்குப் பக்கத்திலும் ஒரு பையை வைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டேன். பெயரைக் கூப்பிட்டால் அந்த வீட்டு ஆள் மட்டும் வந்து குடத்தையும் பையையும் எடுத்துப்போக வேண்டும். அப்புறம்தான் அடுத்தவர். பெயர்தான் குடத்திலேயே வெட்டியிருக்கிறதே.

"பேச்சிமுத்து" என்றேன். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பேச்சிமுத்துக்குக் காது செவிடா என்று கேட்டேன். சந்துக்குள் சிரிப்பு. இசக்கியம்மாதான் மறுபடியும்: "அது எங்க தாய்மாமன், அண்ணாச்சி. கல்யாணத்துக்குச் சீர் செஞ்ச குடம். மாமா செத்து ரொம்ப நாளாச்சு. நீங்க கூப்பிட்டு எந்திரிச்சு வந்துட்டாருன்னா அவருக்கும் ஒரு பை கட்டணும்லா."

அதற்கப்புறம் பெயரை விட்டேன். நசுங்கின குடம், நீலக் குடம், மூடி இல்லாத குடம். ஒழுங்காக வந்தார்கள்.

காதர் பாய்

ஒரு வீட்டுக் குடம் மட்டும் வரவே இல்லை. காதர் பாய் தோல் பை பட்டறை வைத்திருந்தார். பட்டறை மூடிக் கிடந்தது. ஊருக்குப் போக முடியாத வேலையாட்கள் அவர் வீட்டு அரிசியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொடுத்துப் பழகிய மனிதர், வாங்க வரமாட்டார்.

என் வீட்டிலிருந்து பெயர் வெட்டாத குடம் ஒன்றைக் கொண்டுபோய்க் கடைசி வட்டத்தில் வைத்தேன். பக்கத்தில் பெரிய பை. நான் கூப்பிடவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு பருப்பு அளந்தேன். திரும்பிப் பார்த்தபோது வட்டம் காலி. மறுநாள் குடம் கழுவித் துடைத்துக் கடை வாசலில் இருந்தது. உள்ளே பைக்கு உள்பக்கம் தைக்கிற துணியில் தைத்த மாஸ்க்குகள், கழுத்து வரைக்கும். தள்ளி நின்று காதர் பாய் சொன்னார்: "வாங்குன ஏனத்தை வெறுமனே திருப்பிக் குடுக்குறது எங்க வீட்டுல வழக்கமில்லண்ணே."

போட்டோ

முலுண்ட் சொசைட்டி செயலாளர் போன் செய்தார். எல்லோரும் பையோடு சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம். சேர்ந்து நின்றால் ஹவல்தார் பூட்டுவார் என்றேன். போட்டோ இல்லாவிட்டால் அடுத்த வாரம் சாமான் வருவது கஷ்டம் என்றார். போனை வைத்துவிட்டுக் குடங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வந்தால் வரட்டும்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சார், அடுத்த வார லோடு கிளம்பிடுத்து. எங்காத்து மாமி கேக்கறா, அந்த நசுங்கின குடத்துக்காராளுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துத் தரலாமான்னு."

மூங்கில்

கடைசியில் சந்துக்குள்ளும் நோய் வந்தது. முனையில் மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். யாரும் வெளியே வரக்கூடாது, உள்ளே போகக்கூடாது. பைகள் என் கடையில், வயிறுகள் அந்தப் பக்கம். நடுவில் நாற்காலி போட்டு அதே ஹவல்தார்.

காலையில் பார்த்தால் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்றுதான் அவர் சொல்ல வேண்டியிருக்கும். குனிந்து அடி மூங்கிலுக்குக் கீழே ஒவ்வொரு பையாகத் தள்ளினேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. பூட்டுவதானால் பூட்டட்டும். ஒரு பை நடுவில் சிக்கிக்கொண்டது. ஒரு தடி வந்து அதை அந்தப் பக்கம் நெட்டியது. "ஆள் நடமாடக் கூடாதுன்னுதான் ஆர்டர், சேட். குடத்தைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. சீக்கிரம் முடி."

இப்போது கடையில் பழையபடி ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறிச் சாமான் கேட்கிறார்கள். குடங்களுக்கு இருந்த பொறுமை சொந்தக்காரர்களுக்கு இன்னும் வரவில்லை.