பச்சை உறை, மஞ்சள் பட்டை

குளியல் சோப்பு செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்காரர், தன் சோப்பின் உறையை இன்னொருவர் காப்பியடித்துவிட்டார் என்று எங்கள் வக்கீலிடம் வந்தார். நான் அங்கே குமாஸ்தா. இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். பெயர்தான் வேறு. பச்சை உறை, நடுவில் மஞ்சள் பட்டை, ஓரத்தில் வேப்பிலை, எல்லாம் ஒன்று. செல்லிப்பட்டில் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகக் கரைவது போலி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏமாந்து வாங்கிய ஒருவரின் வாக்குமூலம் வேண்டும் என்றார் வக்கீல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அம்மா வாங்கினாங்க சார் என்றேன்.

வக்கீல் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். 'எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உறையின் நிறத்தைப் பார்த்தே சோப்பு வாங்குவேன்.' அம்மா கையெழுத்து மட்டும் போடுவார் என்று சொன்னேன். நூறு நாள் வேலையில் போட்டுப் போட்டுப் பழகியது.

"கையெழுத்தப் பாத்தா எதிர்க்கட்சி வக்கீல் படிக்கத் தெரியுமேன்னு அதையே புடிச்சுக்குவார். கைநாட்டு வெச்சுடச் சொல்லுப்பா."

பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்கு வந்து, சாப்பிடும்முன் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கரும்பு வெட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கைநாட்டு என்றதும் நிமிர்ந்தார்.

"எனுக்குப் படிக்கத் தெரியாதுதான். நீயும்தானடா ரெண்டு மாசமா அத்தப் போட்டுக் குளிச்சினு இருந்த. நீ இன்னா படிச்சிக் கிழிச்ச?"

பட்டம் வாங்கியவன், பட்டையைப் பார்த்துத்தான் குளித்திருக்கிறேன்.

மறுநாள் வக்கீலிடம் என்னையே சாட்சியாகப் போடச் சொன்னேன். ஆபீஸ் ஆள் சொன்னால் எடுபடாது என்றார். அப்படியானால் அம்மா கையெழுத்துத்தான் போடுவார், அதையும் வாக்குமூலத்தில் எழுத வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுது. குறுக்கு விசாரணையில அவங்களப் போட்டுக் கொடைவாங்க. நீதான் தயார் பண்ணணும்."

'கையெழுத்து மட்டும் போடத் தெரியும்' என்று சேர்த்தேன். அம்மா அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். காற்றில் பறக்காமல் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கு முந்தைய நாளும் நான் எதிர்க்கட்சி வக்கீலாகி அம்மாவைக் கேள்வி கேட்கிறேன். பாதியிலேயே தூங்கிவிடுகிறார். நானும் எழுப்புவதில்லை.