எங்கள் வீட்டில் மட்டும் நீண்ட தவக்காலம்

ஈஸ்டர் முடிந்து பத்து நாளாகியும் எங்கள் வீட்டில் தவக்காலம் முடியவில்லை. சாந்தோமில் எங்கள் தெரு முழுக்கப் பிரியாணி வாசனை வந்து போய், எலும்புகளைத் தெருநாய்கள் தின்று தீர்த்த பிறகும் எங்கள் மாடிப் போர்ஷனில் ரசமும் துவையலும்தான். அதற்கு என்ன காரணம் என்று வீட்டிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் அப்படி ஒரு ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிடுவது லேசுப்பட்ட காரியமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு, அப்பா, அம்மா, அக்கா, நான் நாலு பேரும் இருதய ஆண்டவர் படத்தின் முன்னால் வரிசையாக நிற்போம். நாற்பது நாளைக்கு எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பா வருடா வருடம் சிகரெட்டை விடுவார். ஈஸ்டர் விடிந்ததும் மொட்டைமாடியில் போய் அதைத் திரும்பப் பிடித்துக்கொள்வார். அம்மா சீரியலை விடுவாள். அக்கா ஐஸ்கிரீமை. நான் ஒரு வருடம் பாகற்காயை விடுவதாகச் சொல்லித் தலையில் ஒரு குட்டு வாங்கினேன், அதனால் இந்தக் கதை நடந்த வருடம் மரியாதையாகச் சாக்லேட் என்று சொன்னேன். இது தவிர வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் யாருக்கும் கவுச்சி கிடையாது. முட்டை கூடக் கிடையாது.

படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அணைந்ததே இல்லை என்பார்கள். கரண்டு போனால் முதலில் மெழுகுத்திரி அங்கேதான் வைக்கப்படும், அப்புறம்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வரும்.

விஷயம் நடந்தது தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால், வாசலில் அப்பா பைக்கோடு நிற்கிறார். அப்பா தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சட்டைத்துணிப் பிரிவுக்கு சூப்பர்வைசர். காலையில் போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவார். அதற்குமுன் அவர் என் பள்ளிக்கூட வாசலைப் பகலில் பார்த்ததே கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சிநேகிதிகள் எல்லோரும் பார்க்கும்படி பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

லஸ் பக்கம் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தி, என்ன வேண்டுமோ கேள் என்றார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சிக்கன் பஃப்ஸைக் காட்டினேன். காட்டிய விரலை மடக்குவதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று மதியம்தான் பள்ளிக்கூடத்தில் பதினாலு தடவை மண்டியிட்டுச் சிலுவைப்பாதை ஜெபம் செய்து முழங்கால் வலித்திருந்தது. இன்று வெள்ளிக்கிழமைப்பா என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் பஃப்ஸ் தட்டில் வந்துவிட்டது, சூடாக. நான் வந்த வார்த்தையை முழுங்கிவிட்டு பஃப்ஸைத் தின்றேன்.

அப்பாவும் ஒன்று வாங்கிக்கொண்டார். குனிந்த தலை நிமிராமல் மெதுவாகத் தின்றார். நடுநடுவே “நல்லாருக்கா பாப்பா?” என்று மூன்று தடவை கேட்டார். எங்கள் தெருமுனையில் என்னை இறக்கிவிட்டு, “நான் வந்தது அம்மாவுக்குத் தெரிய வேணாம், என்ன?” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஆஹா, இவருக்கும் வெள்ளிக்கிழமை என்று தெரிந்துதான் இருக்கிறது என்று எனக்குள் ஒரே குதூகலம். கூட்டுக் களவாணி கிடைத்த சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். காலைப் பூசை முடிந்து வந்ததும் அப்பா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இந்த வருடம் தவக்காலத்தை இன்னும் ஒழுங்காக அனுசரிக்கலாம், அவசியமில்லாதது எதுவும் வீட்டில் வேண்டாம், ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றார். அக்கா நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினாள். கேபிளை நிறுத்துவது, மாதம் ஒரு தடவை ஹோட்டலுக்குப் போவதை நிறுத்துவது, இஸ்திரிக்காரருக்குப் போடாமல் வீட்டிலேயே தேய்ப்பது, தண்ணீர் கேனுக்குப் பதில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, ரெண்டு பால் பாக்கெட் ஒன்றாவது. கவுச்சி நாற்பது நாளும் கிடையாது. கடைசியாக அப்பா தன் பங்குக்கு பைக்கைச் சொன்னார். ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்தார், நான் பஸ்ஸில் போகக்கூடாதா என்று சிரித்தார். மறுவாரம் பைக்கை யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அம்மாவுக்குத் தாங்க முடியாத பெருமை. பூசையில் தூங்கி வழிகிற மனுஷன் இப்படி மாறிவிட்டாரே என்று தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னாள். நானும் அக்காவும்கூட முதலில் போட்டி போட்டுக்கொண்டுதான் செய்தோம். யார் அதிகமாக விடுவது என்று பந்தயம். அவள் ஷாம்பூவை விட்டால் நான் பென்சிலுக்கு மேல் வைக்கிற ரப்பரை விட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு உதறல் எடுத்துவிட்டது. அப்பா ஏன் இதையெல்லாம் செய்கிறார்? பஃப்ஸுக்காகப் பரிகாரம் செய்கிறார். தின்ன வைத்தது நான், தண்டனை வீட்டுக்கே. வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் வேறு சொல்லியிருந்தார். தெரியாமல் செய்தால் சின்னப் பாவம், தெரிந்தே செய்தால் பெரிய பாவம், இன்னொருத்தரையும் செய்ய வைத்தால் அதற்கும் மேலே. அதற்கும் மேலே என்றால் என்ன தண்டனை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறுக்கு அப்புறம் அம்மா பெருமை பேசுவதை நிறுத்திக்கொண்டாள். நாங்கள் உள்ளே வந்தால் அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தார்கள், அதற்குள் அக்கா புத்தகம் அடுக்கினாள். கடையில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அப்பா ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வரத் தொடங்கினார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தரையில் அசையாமல் படுத்திருந்தார். கிட்டே போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். அப்பா கண்ணைத் திறந்து, என்ன பாப்பா என்றார். கொசு என்றேன்.

எப்படியும் ஈஸ்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஈஸ்டரும் வந்தது. வருடா வருடம் அப்பா கடையிலிருந்து கொண்டு வருகிற புதுக் கவுன் வரவில்லை, போன வருடத்துக் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. பூசை முடிந்து வந்தால் சாம்பாரும் அப்பளமும், ஆளுக்கு ஒரு அவித்த முட்டையும். இன்னும் ஏழு வாரம், தூய ஆவி திருநாள் வரைக்கும் இப்படியே இருந்து பார்ப்போமே என்று அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். நான் ஏன் என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா தொடையில் கிள்ளினாள்.

பட்டினப்பாக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தர் உண்டு. அவர்தான் அதை வெளிப்படையாகக் கேட்டவர். கூடையைப் படிக்கட்டில் இறக்கி வைத்துக்கொண்டு, “இன்னாம்மா, ஈஸ்டர் முட்ஞ்சி பத்து நாளாச்சி, இன்னும் வாணான்னுகினு கீற? உங்க வூட்டுக்கு மட்டும் தவக்காலம் தனியா வந்துகீதா?” என்றார். அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டாள். எனக்குள் இருந்ததை இந்த அம்மா தெருவில் வைத்துச் சொல்லிவிட்டாரே. எங்கள் வீட்டு நோன்பை ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை, திருப்பித் திருப்பி முதலிலிருந்து இருக்கச் சொல்கிறார். நான் உண்மையைச் சொல்லும்வரை இது முடியப்போவதில்லை. சொன்னாலோ அப்பா மாட்டிக்கொள்வார். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றுதான். நான் தலையாட்டியிருந்தேனே.

அதற்கு ரெண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து படியேறினால், உள்ளே சிவப்பு பல்ப் எரியவில்லை.

ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். உள்ளறையில் அம்மாவின் குரல் கேட்டது. அந்த பல்பை அணைத்து எவ்வளவு மிச்சமாகிவிடப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா நாலு மணிக்கே வீட்டில் இருந்தார். “மிச்சத்துக்கு இல்ல. அது எரியறதப் பாக்கப் பிடிக்கல எனக்கு” என்றார்.

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்பாவால் ஆண்டவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விளக்கு போய்விட்டது, அடுத்தது அப்பாதான் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. நிஜமாகவே அப்பா செத்துப்போய்விடுவார் என்று நினைத்தேன். அன்றைக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை.

ஏழு மணிக்கு ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். இருட்டுப் படத்தின் முன்னால் அம்மா சொல்லச் சொல்ல நாங்கள் பின்னால் சொன்னோம், அப்பாவின் குரல் மட்டும் வரவில்லை. முடிந்து சிலுவை போட்டதும் யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். “ரெண்டாவது வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் அப்பா வந்தாரு. ரெண்டு பேரும் சிக்கன் பஃப்ஸ் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமைன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல. அப்பா மேல தப்பு இல்ல.”

அடி விழும் என்று காத்திருந்தேன். விழாததால் கண்ணைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்கூலுக்கு வந்தாரா? ரெண்டாவது வெள்ளியா?” என்றாள். நான் தலையாட்டினேன்.

“அன்னைக்கேவா?” என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா ஆமாம் என்று தலையசைத்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பஃப்ஸுக்கு இவ்வளவு அழ வேண்டுமா, அப்படியென்றால் நான் நினைத்ததைவிடப் பாவம் பெரிசுதான் போலிருக்கிறது என்று நானும் சேர்ந்து அழுதேன். அப்புறம் அம்மா எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டாள். பல்ப் எரிந்தது. அப்பா அதைத் தடுக்கவில்லை. என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் சட்டையில் வெயில் வாசனை அடித்தது.

“வேலை போயிடுச்சு பாப்பா. வேற கெடைக்கிற வரைக்கும் செலவக் கொறைக்கணும். இது தவக்காலம் இல்ல” என்றார்.

அக்கா, “தெரியும்ப்பா” என்றாள். பதினாலு வயது அவளுக்கு. ஷாம்பூவை விட்டதெல்லாம் தெரிந்துதான் விட்டிருக்கிறாள், கிராதகி, என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

அன்றைக்கே பழைய தாளைத் தூரப்போட்டுவிட்டு நாலு பேரும் உட்கார்ந்து வேறு எழுதினோம். இந்தத் தடவை ஆண்டவரை யாரும் இழுக்கவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சண்டை போட்டோம். கேபிள் வேண்டாம். ஃப்ரிட்ஜ் கோடை முடியும்வரை வேண்டும். வாரம் ஒரு நாள் நெத்திலி வேண்டும், அது அக்கா கேட்டது. பல்ப் அணையக்கூடாது, அது அம்மா. அப்பா எதுவும் கேட்கவில்லை, நான் அவருக்காக ஒரு டீ கேட்டு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் மீன்காரம்மா வந்தபோது அம்மா கூப்பிட்டு நிறுத்தினாள். வாங்கியதற்கு மேல் அவர் இன்னொரு கை நெத்திலி அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

ரெண்டு மாதத்தில் அப்பாவுக்கு நங்கநல்லூரில் ஒரு சின்னக் கடையில் வேலை கிடைத்தது. நான் உண்மையைச் சொன்னதால்தான் கிடைத்தது என்று வெகுநாள் நம்பினேன். வளர்ந்த பிறகு அதுவே எங்கள் வீட்டில் சிரிப்புக் கதையாகிவிட்டது. விருந்தாளிகள் வந்தால் நான் அந்த பஃப்ஸ் கதையை எடுத்துவிடுவேன். அப்பா முதல் ஆளாகச் சிரிப்பார். அம்மா மட்டும் இடையில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். குருத்து ஞாயிறன்றுதான் அப்பா அவளிடம் வேலை போனதைச் சொன்னாராம். அதற்குமுன் ஒரு மாதம் தினமும் காலையில் சோற்று டப்பாவோடு கிளம்பி எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

போன வருடம் ஒரு நாள் அக்காவின் மகனை அழைத்துவர அதே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். மணி மூன்றரை. அம்மாக்களும் ஆட்டோக்காரர்களுமாக ஒரே கூட்டம். வேலைக்குப் போகிற சட்டையோடு ஒரு ஆள்கூட அங்கே இல்லை. அந்த நேரத்தில் எப்படி இருப்பார்கள்? அத்தனை வருடமும் வெள்ளிக்கிழமையையே நினைத்துப் பயந்த எனக்கு மணி என்ன என்பது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. வேலையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய அரைமணி நேரத்தில், யாரிடமும் சொல்ல முடியாமல், அவர் நேராக என்னிடம்தான் வந்திருக்கிறார். நான் வந்தது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றுதானே சொன்னார், பஃப்ஸ் தின்றது என்றா சொன்னார்.

மூன்று தடவை என்னிடம் நல்லாருக்கா என்று கேட்டாரே, அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. நான் பஃப்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.