அழகம்மையின் காய்ச்சல் சீட்டு

சண்முகவடிவு வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவள். 1961இல், பதினெட்டு வயதில், நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உதவித் தாதிப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. கொழுந்து பறிக்கிறவளின் மகளுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் விடுதிக்குப் போன முதல் நாளே ஒரு பொய் சொன்னாள். பக்கத்துக் கட்டில் சீதாலெட்சுமி ஹட்டன் துணிக்கடைக்காரர் மகள். “உங்கப்பா என்ன செய்யறாங்க?” என்று அவள் கேட்டதும், “தலவாக்கலையில சின்னதா ஒரு கடை வச்சிருக்காங்க” என்று வாயில் வந்துவிட்டது.

ஆறு மாதம் பாடம், பிறகு வார்டு வேலை. பெண்கள் வார்டில் இரண்டாம் வாரம், காலில் புரையோடிய புண்ணுடன் ஓர் அம்மாளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அழகம்மை. வடிவின் லயத்துக்காரி. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வடிவையும் தூளியில் ஆட்டியவள்.

“நம்ம வடிவுதான?” என்றாள் அழகம்மை, முகமெல்லாம் மலர.

“தெரிஞ்சவங்களா?” என்று சீதாலெட்சுமி கேட்டாள்.

“இல்ல. ஆள் மாறிக் கூப்பிடுறாங்க.”

அது அழகம்மையின் காதில் விழுந்தது. அதன்பின் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

புண்ணை வெட்டிச் சுத்தம் செய்த மறுநாள், காய்ச்சல் பார்க்கும் முறை வடிவுக்கு. மற்றக் கட்டில்களில் ஒழுங்காகப் பார்த்தாள். அழகம்மையின் கட்டிலருகே போய் நிற்கக் கால் வரவில்லை. காலையில் எழுதியிருந்த எண்ணையே மத்தியானத்துக்கும் சாயந்தரத்துக்கும் சீட்டில் எழுதி வைத்தாள்.

சாயந்தரம் டாக்டர் வந்தபோது அழகம்மை நடுங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் நூற்று நாலு. சீட்டைப் பார்த்த டாக்டர், தலைமைத் தாதியான பெரிய மிஸ்ஸியைப் பார்த்தார். பெரிய மிஸ்ஸி சிங்களப் பெண்மணி, தமிழ் தெரியாது. வடிவையே மொழிபெயர்க்கச் சொல்லி, இவள் மத்தியானம் காய்ச்சல் பார்த்தாளா என்று நோயாளியிடம் கேட்டார்.

வடிவு குனிந்தபடி கேட்டாள். அழகம்மை அவளை ஒரு கணம் பார்த்தாள்.

“பார்த்துச்சுங்க. ரெண்டு தரம் பார்த்துச்சு. அப்ப எனக்கு ஒண்ணுமில்ல.”

அதைச் சிங்களத்தில் வடிவே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். காய்ச்சல்மானிதான் பழுது என்று பெரிய மிஸ்ஸி அதை வேறாக எடுத்து வைத்தார்.

மூன்றாம் நாள் பெரிய மிஸ்ஸியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. “நீ எழுதுகிற எண்ணை நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்து வரும் பிரிவோடு சேர்த்து வார்டுப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வைத்தார். வடிவு கூடப் படித்தவர்களைவிட ஆறு மாதம் பின்தங்கினாள்.

சீதாலெட்சுமியிடமும் உண்மையைச் சொன்னாள். “எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும். உங்க வீட்டுக் கடுதாசியிலதான் தோட்டத்துப் பேரு இருக்கே” என்றாள் அவள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மறைக்கவா அந்தக் கட்டிலைத் தாண்டிப் போனோம் என்று நினைத்தபோது வடிவுக்கு உடம்பு கூசியது.

அழகம்மை பிழைத்தாள். ஆனால் ஒரு மாதம் கூடுதலாகக் கிடந்தாள். முழங்கால் மடங்காமல் போனது.

1964இல் ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வடிவுக்கு வேலை கிடைத்தது. லீவில் ஊருக்கு வந்தால், காலை இழுத்துக்கொண்டே அழகம்மை எதிரே வருவாள். “ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்துக்கிட்ட புள்ள” என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வாள்.

ஒரு தீபாவளிக்கு வடிவு, அழகம்மை குடியிருந்த லயத்துக் காம்பராவுக்கே போனாள். “பெரியம்மா, அன்னிக்கு நான் உங்களத் தெரியாதுன்னு...”

“அதெல்லாம் எதுக்கு இப்ப. பலகாரம் எடுத்துக்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தட்டில் இருந்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.