கூந்தல் தைலத்துக்கு ஒரு படம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணியில் மலையடிவாரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கூந்தல் தைலம் காய்ச்சி விற்றுவந்தார். படம் போட்ட லேபிள் ஒட்டினால்தான் சரக்கு எடுப்பேன் என்று பட்டணத்து மொத்த வியாபாரி சொல்லிவிட்டார். உள்ளூரில் விற்பனை படுத்திருந்த நேரம். எங்கள் பிழைப்பே அந்தப் படத்தை நம்பி நின்றது.

படம் எப்படி இருக்கவேண்டும் என்று போட்டோக்காரருக்கு எழுதி அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கோ கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணும் சுபாவம். அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும், நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்தே படம் முழுசாகத் தெரிந்துவிட்டது. விடியற்காலைக் குளத்தங்கரை. மலையைச் சுற்றிப் பனி. முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கூந்தல் அவிழ்ந்து படிக்கட்டில் புரள்கிறது. பக்கத்தில் தைல பாட்டில், வெயில் பட்டுப் பச்சையாக மினுங்குகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கே தெரியும் என்றுகூட யோசிக்காமல் அதையும் எழுதினேன். முகம் தெரியக் கூடாது என்பதற்கு மட்டும் அடிக்கோடு போட்டேன். குடும்பப் பெண்ணின் முகத்தை பாட்டிலில் ஒட்ட முடியுமா?

கூந்தலுக்கு எதிர்வீட்டுப் பெண் இருந்தாள், கைக்குழந்தைக்காரி. முழங்காலைத் தொடும் முடி. கேட்டதும் வெட்கத்தோடு சரி என்றாள்.

சொன்ன நாளில் அரக்கோணத்திலிருந்து போட்டோக்காரர் வந்தார். யுத்தத் தட்டுப்பாட்டில் ஒரு படம் மட்டும் பிடிக்கக்கூடிய ஒரே ஒரு கண்ணாடி பிளேட்தான் கிடைத்ததாம். பனி, குளம், பாட்டில் எல்லாம் நான் எழுதியபடியே இருந்தன. அவளைத்தான் காணோம். பனி விலகி வெயில் ஏறிய பிறகு, மலையிலிருந்து இறங்கி வந்தாள். கையில் புடவையால் போர்த்திய கைக்குழந்தை. மழித்த தலை நிறையச் சந்தனம்.

"கோச்சிக்காதீங்கக்கா. ராத்திரி புள்ள கண்ணே தொறக்கல. முடி குடுக்கிறேன்னு வேண்டிகினேன். விடியறப்ப ஜுரம் எறங்கிப் பால் குடிச்சுது. அப்புறமும் முடிய வெச்சிகினு எப்டிக்கா உக்காந்துகினு இருப்பேன்?"

"எங்க பொழப்பு போச்சேடி!" என்று கத்திவிட்டேன்.

அவள் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "முடி வளர்றதுக்குத்தானேக்கா உங்க எண்ணெ? வளராமயா பூடும்?"

போட்டோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கூந்தல் மறைத்திருந்த முகத்தை அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். ராத்திரி முழுக்க அழுது வீங்கிய கண்கள், அதில் அப்படி ஒரு நிம்மதி. நான் கண்ட கனவில் இத்தனை அழகு இல்லை. அந்த ஒரே பிளேட்டில் அவளையும் குழந்தையையும் எடுக்கச் சொன்னேன். லேபிளுக்கு இல்லை, அவளுக்கு.

படம் இல்லாததால் பட்டணத்து வியாபாரி சரக்கு எடுக்கவில்லை. அவள் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர், மொட்டைத் தலையோடு மலையிறங்குகிறவர்களிடம் பாட்டிலை நீட்ட ஆரம்பித்தார். பிழைப்பு போகவில்லை.

எதையும் இப்படித்தான் நடக்கவேண்டும் என்று மனசுக்குள் படம் போடும் வழக்கம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் அது நடக்காமல் போனால் இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. இதைவிட நல்லது ஏதோ வந்துகொண்டிருக்கிறதோ என்று வாசலைப் பார்க்கிறேன்.