பெருங்குடல் இல்லாமல் ஏறிய கிரேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை, கொக்கியில் கோதுமை மூட்டைகள் தொங்கும்போதே வயிறு முறுக்கியது. அவற்றைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் நான் ஏணியில் இறங்கினேன். மலத்தில் ரத்தமும் சளியும் இருந்தன.

சீதபேதி என்று நினைத்து மாத்திரை தின்றேன். நிற்கும், திரும்ப வரும். மேலே கேபின், கழிப்பறையோ தரையில். பயத்தில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனேன். அறுபதுகள் அப்படியே கழிந்தன.

என் மனைவி ஸ்டெல்லா ஒருநாள் வாசலை மறித்தாள்.

"இன்னாயா, எலும்பும் தோலுமா கீற? இன்னிக்கு டூட்டி கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வா."

குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்தார்கள். பெருங்குடல் அழற்சி (குடலின் உட்சுவர் சிவந்து புண்ணாகும் நோய்). பல ஆண்டுகள் புண்ணாகி ஆறிய இடத்தில் புற்றும் கிளம்பியிருந்தது.

"கிருமி இவர மட்டும் இன்னாத்துக்குமா புடிச்சிது?" என்று ஸ்டெல்லா கேட்டாள். இன்னமும் சீதபேதிக் கிருமி என்றே நினைத்திருந்தாள்.

"எல்லார் குடல்லயும் கிருமி இருக்கும்மா, நல்லதும் செய்யும்," என்றார் டாக்டரம்மா. "இவருக்குக் குடல் சுவர் நைஞ்சுபோச்சு. கிருமிங்க உள்ள எறங்குது, உடம்பு சண்டை போடுது. சண்டை ஓயலன்னா புண்ணு ஆறாது. புற்றுக்கும் அதுல பங்கு இருக்கும்னு நெனைக்கிறோம். முழுசா இன்னும் தெரியல."

அவர் நினைத்தது சரி என்பதற்குப் பின்னாளில் ஆதாரங்கள் பெருகின.

புற்றோடு சேர்த்துப் பெருங்குடலை முழுதாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்புறம் வெளியே வைத்துத் தைத்தார்கள் (ஸ்டோமா: மலம் வெளியேறச் செய்யும் வாய்). அதன்மேல் ஒரு ரப்பர் பை. அந்த வாயை முதலில் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள்.

"புது மீனு செவுளு மாறி செவப்பா கீது. நல்லாத்தான் கீது. மூஞ்ச ஏன் திருப்பிக்கினே?"

பை நழுவியது, தோல் வெந்தது, அழுதேன். அவள் கித்தான் துணியில் இடுப்புப் பட்டை தைத்துத் தந்தாள். அதன்பின் பை அசையவில்லை.

"கீழயே எதுனா வேலை கேளு மாமா, ஏன் பேஜாரு?" என்றான் அவள் தம்பி. நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "காயம் ஆறிடுச்சு. வயித்துல அடிபடாம ஏறுங்க," என்றார்.

ஏறினேன். கீழே ஃபோர்மேன் அண்ணாந்து நின்றார். அன்று காலை வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் போயிருந்தேன். உணவு இடைவேளைவரை ஒருமுறைகூட இறங்கவில்லை. நோய்க்கு முன்பும்கூட அவ்வளவு நிமிர்ந்து நான் உட்கார்ந்ததில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மலத்தில் ரத்தத்தைக் கண்டால் உடல் சூடு என்று விட்டுவிடாதீர்கள். பையை எண்ணிக் கூச வேண்டாம்.

பிறர் வயிற்றுக்குள் மறைவாக நடப்பது என் கண்முன் நடக்கிறது. முன்பெல்லாம் அடுத்த வலி வரும்வரைதான் என் பொழுது. இப்போது காலை என்றால் முழுக் காலையும் என்னுடையது.