நேரம் தவறிய சங்கு

என் வீட்டுக்காரர் திருச்சியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். நைட் ஷிப்ட் வாரம் வந்தால் வீட்டில் பகலை இரவாக்க வேண்டும். ஜன்னலுக்குக் கம்பளி கட்டுவேன். விசில் அடிக்குமே என்று குக்கர் வைக்க மாட்டேன். மாவு ஆட்ட மாட்டேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்திவிடுவேன். ஸ்ரீரங்கத்தில் வாய் ஓயாமல் கத்திக்கொண்டு வளர்ந்தவள் நான். எனக்கு அது ஜெயில். இவ்வளவு செய்தும் மனிதர் தூங்கினாரா என்றால் இல்லை. புரண்டு புரண்டு கிடப்பார்.

பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஆலைதான். என் வீட்டுக்காரரின் கிரேனுக்குக் கீழே நின்று இரும்புத் தகடுகளுக்குச் சங்கிலி மாட்டுபவர். இருவருக்கும் எப்போதும் ஒரே ஷிப்ட். பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் கேலி செய்வார், யாருக்கும் கோபம் வராது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது கட்டில் காலியாகக் கிடந்தது. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இவர் உடம்பில் காக்கிச் சட்டை, கையில் வெறும் டிபன் கேரியர்.

"அக்கா, இன்னைக்கு அண்ணனுக்கு சூரியன் மேக்கால உதிச்சிடுச்சு! விடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு காலை ஷிப்டுக்கு கேட்ல வந்து நிக்கிறாரு."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சோறு போடும்போதுதான் இவர் மெல்லச் சொன்னார்.

"நேத்து ஒரு லோடைத் தூக்கி அந்தக் கோடிக்குக் கொண்டு போய் வச்சிருக்கேன். எப்பத் தூக்குனேன்னு தெரியல. கீழ சங்கிலி மாட்ட இவன்தான் நின்னிருக்கான்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "ஏங்க, ஆபீஸ்ல சொல்லுங்க. கொஞ்ச நாள் ஒரே ஷிப்டா கேளுங்க."

"கிரேன்ல தூங்குறவன்னு பேராயிடும். வெளிய அனுப்பிடுவாங்க."

எவ்வளவோ சண்டை போட்டேன். இவர் கை கழுவிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். அன்றிலிருந்து இவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ பாடிக்கொண்டு சைக்கிளில் போவார். பின்னால் இவர் போவார்.

அடுத்த வாரம் காலை ஷிப்ட். அப்பாடா என்று ஜன்னலைத் திறந்துவைத்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆலைச் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும்போதுதான் அது ஊதும்; வேறு நேரத்தில் ஊதினால் உள்ளே விபத்து என்று அர்த்தம். அப்போது காலை பத்து, பத்தரை மணி இருக்கும். மாவுக் கையோடு வெளியே ஓடினேன். தெருவில் எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து இவர் வந்தார். சைக்கிள் இல்லை, நடந்து வந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "அண்ணே, அவர் வரலையா?"

இவர் அவளைத் தாண்டி உள்ளே வந்தார். வெளிச்சத்துக்கு முகத்தைச் சுளித்து, சுருட்டி வைத்திருந்த கம்பளியை எடுத்து ஜன்னலில் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் தூங்கலை" என்றார்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.